மழை வராது என்று நான் சொன்ன நாள்

1. வலப்பக்கம் பாருங்கள்

கேப்டன் ஆன முதல் நாளே என்மீது புகார்க் கடிதம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

அன்று தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். எழுபது பேர் உட்காரும் ஏடிஆர் விமானம். ஜெட் இல்லை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர் சுற்றும். பதினேழாயிரம் அடிக்குப் பக்கத்தில்தான் பறக்கும் என்பதால் தரை நன்றாகத் தெரியும். புதுச்சேரி தாண்டியதும் ஆரோவில்லின் தங்க உருண்டை ஒரு தடவை மின்னும். அதிலிருந்து மூன்று நிமிடத்தில் மரக்காணம். சென்னைக்கு இறங்கத் தொடங்குகிற இடமும் ஏறக்குறைய அதுதான்.

மரக்காணம் நான் பிறந்த ஊர். தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டையோடு அதன்மேல் முதன்முறையாகப் போகிறேன். சும்மா இருக்க முடியவில்லை. மைக்கை எடுத்தேன்.

"பயணிகள் கவனத்துக்கு. உங்கள் கேப்டன் அருளப்பன் பேசுகிறேன். வலப்பக்கம் சதுரம் சதுரமாகத் தெரிவது மரக்காணம் உப்பளம். இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லியில் இருந்த உப்பு இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். நாம் சரியாக நாலு பத்துக்குச் சென்னையில் இறங்குவோம்."

இறங்கியது நாலு முப்பத்தைந்துக்கு. எங்களுக்கு முன்னால் ஆறு விமானங்கள் வரிசையில் இருந்தன.

முதல் கடிதம், தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி உப்பு காட்டியதற்காக. இரண்டாவது கடிதத்தை எழுதியவர் தூத்துக்குடிக்காரர். 'தூத்துக்குடியில் ஏறிய எங்களிடம் மரக்காணம் உப்பைப் பெருமையடித்தது எங்கள் மனத்தைப் புண்படுத்தியது' என்று எழுதியிருந்தார். எங்கள் சீஃப் பைலட் இரண்டையும் மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்யா அருளப்பன், நாம நடத்துறது ஏர்லைனா, உப்புக் கடையா?"

"சாரி சார்."

"உப்ப விடு. நாலு பத்துன்னு எதுக்குச் சொன்ன? உன்ன யாராவது கேட்டாங்களா?"

நாலு பத்தைப் பற்றிய அந்தக் கேள்விதான் முக்கியமானது. அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. இனி உப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

2. சாப்பாடும் ஜன்னலும்

பைலட் என்றால் ஊரிலேயே நல்ல ஜன்னல் சீட் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜன்னல் உண்டு. ஆனால் பாதி நேரம் எதிரே இருக்கும் திரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மீதி நேரத்தில் மடியில் சாப்பாட்டுத் தட்டு. கேப்டனும் கோ-பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒருவருக்கு வயிறு கெட்டால் மற்றவர் ஓட்ட வேண்டும். அதனால் எனக்குத் தயிர் சாதம் என்றால் நந்தினிக்கு சாண்ட்விச். நந்தினி என்னோடு அதிகம் பறந்த கோ-பைலட், சென்னைப் பெண். என் தயிர் சாதத்தை ஏக்கத்தோடு பார்ப்பாளே தவிர, விதியை ஒரு நாளும் மீறியதில்லை.

மேலிருந்து உப்பளத்தைப் பார்ப்பது எனக்கு அலுத்ததே இல்லை. மத்தியான வெயிலில் ஈயம் பூசிய தட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். சில பாத்திகள் பழுப்பு, சில இளஞ்சிவப்பு. வரப்போரத்தில் உப்புக் குவியல்கள் அரிசி மணி அளவுக்குத் தெரியும். வடக்கேயிருந்து வந்த ஒரு கோ-பைலட் சோலார் பேனலா என்று கேட்டார். இன்னொருவர் இறால் பண்ணை என்று சாதித்தார். அந்த உயரத்திலிருந்து மனிதர்கள் தெரியமாட்டார்கள். தெரியாது என்று தெரிந்தும் தேடுவேன், ஏனென்றால் அந்தப் பாத்திகளில் பதினாறு, என் அக்கா பிலோமினாவின் வீட்டுக்காரர் சவரிமுத்து மாமா குத்தகைக்கு எடுத்து நடத்துபவை.

உப்புத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாத்தியில் உவர்நீரைக் கட்டினால் வெயிலில் காய்ந்து தரையில் உப்பு விளையும். விளைந்ததும் வாரிவிடலாம். இன்னும் ஒரு நாள் விட்டால் கல் பெரிதாகும், நல்ல உப்பாகும். ஆனால் அந்த ஒரு நாளில் அரை மணி நேரம் மழை பெய்தால் அத்தனையும் கரைந்துவிடும். இன்று வாருவதா, நாளைக்கு விடுவதா? சீசன் முழுக்க மாமாவின் தலைக்குள் ஓடும் கேள்வி இது ஒன்றுதான்.

3. பலித்தது

ஒரு நாள் சென்னையில் இறங்கியதும் வேறு ஏதோ விஷயமாக அக்காவுக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அக்கா, மாடியில துணி ஏதாச்சும் காயுதா? எடுத்துடு. செஞ்சிப் பக்கம் கருப்பா கட்டிக்கினு வருது. ஒரு மணி நேரத்துல உங்ககிட்ட வந்துடும்."

அக்காவின் கையிலிருந்து போன் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது.

"மாப்ள, துணிய விடு. பாத்திக்கு வருமா?" மாமாவின் குரல்.

"வரும் மாமா. ரேடார்ல செவப்பா இருந்துது."

விமானத்தின் மூக்குக்குள் ஒரு ரேடார் இருக்கிறது. எதிரே இருக்கும் மழையைத் திரையில் நிறம் பிரித்துக் காட்டும். பச்சை என்றால் லேசான மழை, மஞ்சள் என்றால் பலத்த மழை, சிவப்பு என்றால் சுற்றிக்கொண்டு போ. இதையெல்லாம் மாமாவுக்கு நான் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆட்களைக் கூட்டி, விளைந்திருந்த பாத்திகளையெல்லாம் வாரி, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். கடைசித் தார்ப்பாயின் மேல் கல் வைக்கும்போது மழை ஊற்றியதாம். அக்கம்பக்கத்துப் பாத்திகளில் இருந்த உப்பு போய்விட்டது. மாமாவின் உப்பு மட்டும் நின்றது.

அன்று சாயங்காலத்துக்குள் மரக்காணத்தில் என் பெயர் மாறிவிட்டது. அதுவரை போஸ்ட் ஆபீஸ்காரர் மகன். அதற்குப் பிறகு மழைக் கேப்டன்.

4. கொஞ்சம் கலச்சிட்டுப் போங்க

என் நம்பரை மாமா யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சார் வணக்கம், குயிலாப்பாளையம் கெஸ்ட் அவுஸ்லேர்ந்து பேசறேன். வெள்ளக்காரங்களுக்கு மொட்ட மாடில டின்னர் வச்சிருக்கோம். போற வழில ஒரு பார்வ பாத்துட்டுச் சொன்னீங்கன்னா மேசைய மேல ஏத்திடுவோம்."

"அண்ணே, பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு மாமியார ஏத்திக்கினு போறேன். எறங்கற வரைக்கும் தாங்குமா?"

கருவாடு காயப்போட்டவர், காதுகுத்துக்குப் பந்தல் போட்டவர், வீட்டுக்குத் தளம் போட்டவர் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் ஒரு படி மேலே போனார்.

"உங்க ப்ளேன்லதான் ரெண்டு ஃபேன் இருக்குதே சார், அந்த மேகத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திக் கலச்சிட்டுப் போகக் கூடாதா?"

மாமாவின் யோசனை வேறு. "மாப்ள, நீ எறங்கி, போன் போட்டு, நாங்க எடுத்து... லேட் ஆவுது. எங்க தலைக்கு மேல வர்றப்பவே ஹார்ன் அடிச்சிடேன். மழைன்னா ரெண்டு அடி."

"ஏரோப்ளேன்ல ஹார்ன் இல்ல மாமா."

உண்மையில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது கீழே இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு. அதை மட்டும் நான் மாமாவிடம் சொல்லவே இல்லை.

"உங்க போன்லயே வானிலை வருது இல்ல மாமா? அதப் பாருங்களேன்" என்றும் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"அதுல தெனமும் ஒரு சூரியன், ஒரு மேகம், ரெண்டு சொட்டுத் தண்ணி, எல்லாத்தயும் சேத்தே போட்டு வச்சிருக்கான். எது நடந்தாலும் அவன் சொன்னதுதான். நீ கண்ணால பாக்கறவன். ஒரே வார்த்தையில சொல்லு, வருமா வராதா?"

ஒரே வார்த்தை. அதில்தான் நான் விழுந்தேன். முதலில் 'வரலாம் மாமா', 'வராது போலத்தான் தெரியுது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து தடவை பலித்ததும் 'போல'வும் 'லாமும்' தானாக உதிர்ந்துவிட்டன. 'கேரண்டி' என்ற சொல் எப்போது என் வாயில் வந்து உட்கார்ந்தது என்று நினைவில்லை. ஊருக்குப் போகும்போது டீக்கடையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

5. ஒரு மணி பத்து நிமிடம்

வைகாசி மாதம். தூத்துக்குடியில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் போன்.

"மாப்ள, எட்டுப் பாத்தி தயாரா இருக்குது. இந்த சீசன்லயே இவ்ளோ நல்லா வெளஞ்சதில்ல. இன்னிக்கு வாரினா பொடியாத்தான் இருக்கும். நாளைக்கு வாரினா கல்லு கல்லா வரும். காலைல லாரி வருது. ஆளுங்க பாத்தியாண்ட நிக்கறாங்க. வாரச் சொல்லவா, வீட்டுக்கு அனுப்பவா?"

"பாத்துட்டு சொல்றேன் மாமா. இறங்கினதும் போன் பண்றேன்."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மரக்காணத்தின் மேல் வந்தோம். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எட்டுப் பாத்தியும் பளீரென்று கண்ணில் அடித்தன. ரேடாரில் எங்கள் பாதையில் ஒன்றுமில்லை. அப்போது நந்தினி சொன்னாள்.

"சார், லெஃப்ட்ல, செஞ்சிக்கு அந்தாண்ட, சின்னச் சின்னதா பில்டப் ஆகுது."

எட்டிப் பார்த்தேன். மேற்கே தூரத்தில் காலிஃபிளவர் மாதிரி நாலைந்து வெள்ளை மேகங்கள். ரேடாரில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"அது ரொம்ப தூரம்மா. நம்ம பாதைக்கு வராது" என்றேன்.

எங்கள் பாதைக்கு அது வரவில்லைதான். சென்னையில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, பயணிகள் இறங்கும்போதே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. வானம் சுத்தமா இருக்குது. ஆளுங்கள அனுப்பிடுங்க."

"நெசமாவா மாப்ள?"

"நான் கேரண்டி."

அடுத்த பயணம் சென்னையிலிருந்து திருச்சி. புறப்பட்டுத் தெற்கே திரும்பி, பதின்மூன்றாயிரம் அடியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். நான் முன்பு பார்த்ததிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி பத்து நிமிடத்தில் காலிஃபிளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, எங்களைவிட மூன்று மடங்கு உயரத்துக்கு வளர்ந்து, அடியில் கருத்து, கிழக்கே நகர ஆரம்பித்திருந்தன. ரேடார் திரையில் சிவப்பு. அதன் கீழே சாம்பல் நிறத்தில் மழைத் திரை திண்டிவனத்தைத் தாண்டிக் கடற்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மாமா ஆட்களை அனுப்பியிருப்பார். பாக்கெட்டில் போன் இருக்கிறது, ஃப்ளைட் மோடில் இருக்கிறது. அங்கே ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் அதே பயன்தான்.

"நந்தினி, கம்பெனி ரேடியோல ஆபீஸைக் கூப்பிட்டு, எங்க மாமாவுக்கு ஒரு போன் போடச் சொன்னா என்ன?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் இரக்கமும் இல்லை.

"சார், முன்னாடி பெரிய மழை மேகம் இருக்கு. லெஃப்டா, ரைட்டா? ஏடிசி கிட்ட டீவியேஷன் கேக்கணும்."

எனக்குப் பின்னால் அறுபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "லெஃப்ட்" என்றேன். இடப்பக்கம் கடல், மேகம் இன்னும் வந்து சேராத பக்கம். பாதை மாறத் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வாங்கித் திரும்பினோம். சீட் பெல்ட் விளக்கைப் போட்டேன். அந்தத் திருப்பம் எங்களை நேராக மரக்காணத்தின் மேலேயே கொண்டுபோனது.

எட்டுப் பாத்தியையும் பார்த்தேன். மேகத்தின் நிழல் மேற்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தது. வெளிச்சமாக இருந்த சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்புறம் மழைத் திரை வந்து மூடிவிட்டது. இருபத்தைந்து வருடம் பறந்ததில் என்னைப் பயமுறுத்திய காட்சிகள் சில உண்டு. இது பயம் இல்லை. பார்க்க முடிகிறது, பேச முடியவில்லை. அவ்வளவுதான். ஆனால் அதைவிட மோசமாக எதுவும் எனக்கு நடந்ததில்லை.

திருச்சியில் இறங்கி போனைத் திறந்தேன். மாமாவிடமிருந்து ஆறு மிஸ்டு கால். நான் கூப்பிடுவதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"டேய் அருளு, உங்க மாமா நனைஞ்சிக்கினு வரப்புலயே நிக்கறாருடா. வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறாரு. நீ ஒரு வார்த்த பேசேன்."

என்ன வார்த்தை பேசுவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு காக்பிட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நந்தினி தன் பங்குத் தயிர் சாதத்தை என் பக்கம் நகர்த்தினாள். அன்று எனக்கு சாண்ட்விச் முறை. விதியை அவள் மீறியது அந்த ஒரு நாள்தான். நான் சாப்பிடவில்லை.

6. ரெண்டு ஊர்

ஒரு நாள் கழித்து லீவு வந்தது. ஈசிஆர் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். மாமா வரப்பில் குந்தியிருந்தார். எட்டுப் பாத்தியிலும் செம்மண் கலந்த தண்ணீர். என்னைப் பார்த்து, "வா மாப்ள, சாப்ட்டியா?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாஞ்சாலியும் இன்னும் ஐந்தாறு பேரும் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மாமாவின் பாத்திகளில் ஆட்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குவது அவள்தான். நான் கேப்டன் ஆனதோ, மழைக் கேப்டன் ஆனதோ, அவள் என்னை 'நீ' என்று கூப்பிடுவதில் எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை.

"வந்துட்டியா? இன்னா, பறந்து வந்தியா?"

"பஸ்ல வந்தேன்."

"அவருக்கு உப்பு போச்சு. எங்களுக்கு வேல போச்சு, தெரியுமா உனக்கு? தண்ணிய எறைச்சி, தரைய மிதிச்சி எறுக்கி, மறுபடியும் தண்ணி கட்டி, அது காயற வரைக்கும் இங்க வாரறதுக்கு இன்னா இருக்குது?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டுப் பாத்தி என்றால் மாமாவின் உப்பு என்றுதான் நினைத்திருந்தேன். காலணியைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, பாத்தியில் இறங்கினேன். பரிகாரம் செய்கிற எண்ணம்தான். அரை மணி நேரத்தில் குதிகால் எரிய ஆரம்பித்தது.

மிதித்துக்கொண்டே என் பக்க நியாயத்தைச் சொன்னேன். "மேகம்னா அப்படித்தான் பாஞ்சாலி. ஒரு மணி நேரத்துல மாறிடும். நாங்களே சில நாள் சென்னைல எறங்க முடியாம வேற ஊருக்குப் போயிடறோம்."

"அப்டியா? நடுவானத்துல பெட்ரோல் தீந்துடாதா?"

"தீராது. அதுக்கும் சேத்துத்தான் போட்டுக்கினு கெளம்புவோம். சென்னை வரைக்கும் போறதுக்கு, அங்க முடியலன்னா திருச்சி போறதுக்கு, அதுக்கு மேலயும் அரை மணி நேரம் சுத்தறதுக்கு. அது இல்லாம கெளம்பவே கூடாது."

"எல்லா நாளும் போடுவீங்களா? வானம் நல்லா இருந்தாலும்?"

"நல்லா இருந்தாலும்தான்."

பாஞ்சாலி மிதிப்பதை நிறுத்தினாள்.

"அப்போ நீ கெளம்பும்போது ஒனக்கு ரெண்டு ஊரு. எங்களுக்கு மட்டும் எதுக்கு ஒரே ஊரச் சொன்ன?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாமாதான் ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார் என்று சொல்லலாம். அது பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

"பெருமைக்குத்தான்" என்றேன்.

"ம்" என்றாள். "செஞ்சிகிட்ட மேகம் இருக்குதுன்னு அன்னிக்கு நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அத மட்டும் சொல்லியிருந்தின்னா போதும். வாரறதா வேணாமான்னு நாங்க பேசியிருப்போம். நாலு பாத்தியாச்சும் வாரியிருப்போம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாங்க எங்க வேலயப் பாக்கறோம்."

வரப்பில் குந்தியிருந்த மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மாப்ள, அந்த மூலைல சரியா மிதிக்கல."

நாள் முழுக்க மிதித்தேன். மறுநாள் காக்பிட்டில் ரட்டர் பெடலில் கால் வைத்ததும் உயிர் போயிற்று. நந்தினி ஏன் நொண்டுகிறீர்கள் என்று கேட்டாள். மழை என்று சொன்னேன்.

7. தெரியாது

அதற்கப்புறம் போன் வந்தால் நான் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "மூணு மணிக்குப் பாத்தேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. மேற்கால ரெண்டு மேகம் வளருது. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"அது எங்களுக்கே தெரியுமே சார்" என்றார் கெஸ்ட் அவுஸ்காரர். அதோடு அவர் கூப்பிடவில்லை. கருவாடு, பந்தல், மாமியார் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. டீக்கடையில் நாற்காலியை நானே துடைத்துக்கொண்டேன். மாமாவும் பாஞ்சாலியும் மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை.

வேலையிலும் அது தொற்றிக்கொண்டது. ஐப்பசியில் ஒரு நாள், சென்னையின் மேல் கொட்டும் மழை. மேலேயே வட்டம் அடித்துக்கொண்டிருந்தோம். பழைய அருளப்பனாக இருந்தால் 'இன்னும் பத்து நிமிடத்தில் இறங்குவோம்' என்று மைக்கில் சொல்லி, பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி சொல்லியிருப்பேன்.

"கேப்டன் பேசுகிறேன். சென்னையில் மழை பலமாக இருக்கிறது. எப்போது இறங்குவோம் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் காத்திருந்து பார்ப்போம். முடியாவிட்டால் திருச்சிக்குப் போவோம். அதற்கு வேண்டிய எரிபொருள் நம்மிடம் இருக்கிறது."

நந்தினி புருவத்தைத் தூக்கினாள். "தெரியாதுன்னே சொல்லிட்டீங்களே சார்?"

"தெரியாதே."

திருச்சியில்தான் இறங்கினோம். வாசலில் நின்று பயணிகளின் திட்டை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். கொஞ்சம் கிடைத்தது. ஒரு அம்மா மட்டும் கையில் பையோடு வந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க சென்னை ஏர்போர்ட்ல காத்துக்கிட்டிருந்தாங்க. இப்ப போன் பண்ணிச் சொல்லிட்டேன், 'எப்ப வருவேன்னு பைலட்டுக்கே தெரியலையாம், நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னு. இல்லன்னா பாவம், மழையில நின்னுக்கிட்டே இருப்பாங்க" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொல்லுங்கள். எப்போது பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். முடிவு எடுக்க வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் தைரியம் இல்லை, தகவல்தான்.

நான் வேலையில் இருந்த கடைசி சீசனில் ஒரு நாள். மேற்கே மேகம், மழை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று காலையில் மாமாவிடம் சொல்லியிருந்தேன். மேகம் கடைசியில் வடக்கே திரும்பிவிட்டது, ஒரு சொட்டு விழவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் பயத்தோடுதான் போன் செய்தேன். அக்கா எடுத்தாள்.

"மாமா கோவமா இருக்காராக்கா? வீணா வார வச்சிட்டேனா?"

"கோவமா? பாதிய வாரியாச்சு, பாதி வெயில்ல கெடக்குது, இனிமே வானத்து இஷ்டம்னு சொல்லிட்டு, சோறு துன்னுட்டு படுத்துட்டாரு. சீசன்ல இந்த மனுஷன் பகல்ல கண்ண மூடி நான் பாத்ததே இல்லடா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இரு, போன கிட்ட வைக்கறேன்."

குறட்டை நன்றாகக் கேட்டது.